ஒவ்வொரு திருத்தத்துக்கும் ஒரு பதில்: எங்கள் ஃபோர்க்கின் பராமரிப்பாளர்களுக்குத் திறந்த மடல்

மதிப்பிற்குரிய பராமரிப்பாளர் குழுவினருக்கு வணக்கம்.

நீங்கள் தாய்த் திட்டத்தின் நிரலை எடுத்துக்கொண்டு பிரிந்து, ஃபோர்க் எனப்படும் இந்தத் தனிக் கிளைத் திட்டத்தைத் தொடங்கிய முதல் வாரத்திலிருந்தே உங்கள் காப்புநகல் மென்பொருளைப் பயன்படுத்தி வருகிறேன். நான்கு ஆண்டுகள் ஆகிவிட்டன. இடையில் பதினொரு பேட்ச்கள், அதாவது நிரல் திருத்தங்கள், அனுப்பியிருக்கிறேன். ஒன்பதை ஏற்றுக்கொண்டீர்கள், மீதி இரண்டை ஏன் ஏற்கவில்லை என்று பொறுமையாக எழுதி விளக்கினீர்கள். அந்தப் பொறுமையை நம்பித்தான் இந்த மடலை எழுதுகிறேன்.

பார்வையற்றவர்களுக்காக நூல்களை வாசித்து ஒலிப்பதிவு செய்யும் தன்னார்வக் குழு ஒன்றில், பதிவுகளைப் பத்திரப்படுத்துவது என் பொறுப்பு. எங்கள் பதிவுக் கருவி நீண்ட வாசிப்பை 256 எம்பி துண்டுகளாக வெட்டிச் சேமிக்கும். சென்ற மாதம் வட்டு ஒன்று பழுதாகிப்போனது. உங்கள் மென்பொருள் எடுத்து வைத்திருந்த காப்புநகலிலிருந்து எல்லாவற்றையும் மீட்டேன். சரிபார்க்கும் கட்டளையை ஓட்டினேன். பிழை ஏதும் இல்லை என்றது. அன்று நிம்மதியாகத் தூங்கினேன்.

இரண்டு வாரம் கழித்து, எங்கள் பதிவுகளைக் கேட்கும் ஒருவர் தொலைபேசியில் அழைத்தார். "ஏறக்குறைய ஐம்பது நிமிடத்துக்கு ஒரு முறை ஒரு சொல் விழுந்துபோகிறது. வாசித்தவர் விட்டுவிட்டாரா, நீங்கள் வெட்டிவிட்டீர்களா?" என்று கேட்டார். கோப்புகளின் பெயர்களையும் எண்ணிக்கையையும் பார்த்துத் திருப்தியடைந்திருந்த நான் அதைக் கண்டுபிடித்திருக்கவே மாட்டேன். காதால் மட்டுமே வாசிக்கும் அவர் கண்டுபிடித்தார்.

பார்த்தால், ஒவ்வொரு முழுத் துண்டிலும் கடைசி 65,536 பைட் இல்லை. எங்கள் பதிவுகள் ஒற்றைத் தடத்தில், விநாடிக்கு 44,100 மாதிரிகளாக, மாதிரிக்கு இரண்டு பைட் வீதம் இருப்பவை. ஆக, ஒவ்வொரு இடத்திலும் தொலைந்தது முக்கால் விநாடி. ஒரு சொல்லை விழுங்குவதற்கு அது போதும்.

காரணத்தைத் தேடி மூன்று இரவுகள் உட்கார்ந்தேன். 131,071 பைட் அளவுள்ள சோதனைக் கோப்பு ஒன்றைக் காப்பெடுத்து மீட்டேன், முழுதாக வந்தது. 131,073 பைட் கோப்பும் முழுதாக வந்தது. 131,072 பைட் கோப்பில் பாதிதான் திரும்பி வந்தது. கோப்பை 64 கேபி துண்டுகளாகப் படிக்கும் சுழற்சியில், அடுத்த துண்டின் முடிவு கோப்பின் அளவைவிடக் குறைவாக இருக்கும்வரை ஓடு என்று நிபந்தனை எழுதப்பட்டிருக்கிறது. மிச்சம் மீதி இருந்தால் அதைச் சுழற்சிக்கு வெளியே உள்ள இன்னொரு வரி பார்த்துக்கொள்ளும். கோப்பின் அளவு 65,536-இன் சரியான மடங்காக இருந்தால், கடைசித் துண்டுக்கு முன்பே சுழற்சி நின்றுவிடுகிறது. வகுத்த மீதியும் பூச்சியம் என்பதால் வெளியே இருக்கும் வரியும் அதைத் தொடுவதில்லை. கடைசித் துண்டு இரண்டுக்கும் நடுவே விழுந்துவிடுகிறது. சரிபார்க்கும் கட்டளையோ, சேமித்த துண்டுகளை அட்டவணையோடு ஒப்பிடுகிறது. அட்டவணையிலேயே ஏறாத துண்டை அது எங்கே போய்த் தேடும்? சாதாரணக் கோப்புகள் இப்படி அச்சாக மடங்கில் அமைவது அபூர்வம். எங்கள் கருவி வெட்டும் துண்டுகளோ ஒவ்வொன்றும் அப்படித்தான் அமைகின்றன.

நான்காம் நாள், பேட்ச் எழுதி முடித்து அனுப்பப்போகும் நேரத்தில், ஏதோ ஒரு சந்தேகத்தில் தாய்த் திட்டத்தின் வரலாற்றைப் புரட்டினேன். திருத்தம் அங்கே இருந்தது. பதினான்கு மாதங்களுக்கு முன்பே யாரோ ஒருவர் அதே வரியில் ஒரே ஒரு சமக்குறியைச் சேர்த்து, 'குறைவாக' என்பதைக் 'குறைவாகவோ சமமாகவோ' என்று ஆக்கியிருந்தார். அந்த மாற்றத்தைக் களஞ்சியத்தில் பதிந்த கமிட்டின் செய்தி இரண்டே வரி. கூடவே ஒரு சோதனையும் இருந்தது: 131,072 பைட் கோப்பு. நான் மூன்று இரவுகளில் வந்து சேர்ந்த அதே எண்.

நீங்கள் தாய்த் திட்டத்தின் மாற்றங்களைக் கடைசியாக மெர்ஜ் செய்து இணைத்தது அந்தக் கமிட்டுக்கு இரண்டு மாதம் முன்னால். எங்களுக்காக வாசித்துப் பதிவு செய்தவர்களில் ஒருவர் சென்ற ஆண்டு காலமானார். அவருடைய பதிவுகளில் விழுந்த சொற்களை இனி யாரைக் கொண்டு வாசிக்க வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

இதை உங்கள் மீது பழியாகச் சொல்லவில்லை. அந்த வழுவை நீங்கள் எழுதவில்லை. பிரிந்த நாளில் நிரலோடு சேர்ந்து வந்தது அது. நீங்கள் ஏன் பிரிந்தீர்கள் என்பதும் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. சொந்த வட்டில் காப்பெடுக்கக்கூட அவர்களுடைய சேவையகத்தில் கணக்குத் தொடங்க வேண்டும் என்று தாய்த் திட்டம் முடிவெடுத்தபோது, அது கூடாது என்று சொல்லி வெளியே வந்தீர்கள். அன்று உங்களோடு வந்ததற்கு இன்றும் வருந்தவில்லை. ஆனால் அன்று நாம் மறுத்தது ஒரே ஒரு முடிவை. அதற்குப் பின் அவர்கள் திருத்திய வழுக்களையும் சேர்த்து மறுப்பதாக யாரும் எங்கேயும் சொல்லவில்லை. சொல்லாமலே அப்படி நடந்துகொண்டிருக்கிறது.

என் கோரிக்கை ஒன்றுதான். தாய்த் திட்டத்தில் நடக்கும் ஒவ்வொரு வழுத் திருத்தத்துக்கும் இந்த ஃபோர்க்கில் ஒரு பதில் எழுதப்பட்டிருக்க வேண்டும். எடுத்துக்கொண்டோம் என்று இருக்கலாம். அந்த நிரலையே நீக்கிவிட்டோம், எனவே தேவையில்லை என்று இருக்கலாம். வேறு வழியில் ஏற்கெனவே சரிசெய்துவிட்டோம் என்று இருக்கலாம். பார்த்தோம், வேண்டாம், காரணம் இது என்றும் இருக்கலாம். இந்த நான்கில் எதுவானாலும் எனக்குச் சம்மதம். என் இரண்டு பேட்ச்களை மறுத்தபோது நீங்கள் எனக்குக் கொடுத்ததும் அப்படிப்பட்ட பதிலைத்தான். அந்தச் சமக்குறிக்கு மட்டும் பதினான்கு மாதமாக ஒரு பதிலும் இல்லை.

பாதுகாப்பு தொடர்பான திருத்தங்களை மட்டும் கவனித்து எடுத்துக்கொள்கிறோம், மற்றவற்றுக்கு ஆள் இல்லை என்று நீங்கள் முன்பு ஒரு முறை சொன்னது நினைவிருக்கிறது. ஆள் பற்றாக்குறை எனக்குப் புரிகிறது. ஆனால் எது பாதுகாப்புத் திருத்தம் என்பதை முகப்பில் ஒட்டியிருக்கும் சீட்டைப் பார்த்துத் தீர்மானிக்க முடியாது. ஆண்ட்ராய்டில் ஒரு செயலி இன்னொன்றோடு பேச உதவும் பைண்டர் என்ற கெர்னல் (இயங்குதளத்தின் கரு) பகுதியில், விடுவித்த நினைவகத்தை மறுபடி தொடும் வழு ஒன்று இருந்தது. சிஸ்பாட் என்ற தானியங்கிச் சோதனைக் கருவி 2017 நவம்பரிலேயே அதைக் காட்டிக்கொடுத்தது. 2018 பிப்ரவரிக்குள் லினக்ஸ் கெர்னலில் திருத்தமும் வந்துவிட்டது. அப்போது அதற்கு சிவிஇ எண், அதாவது பாதுகாப்பு ஓட்டைகளுக்குத் தரப்படும் பொது அடையாள எண், எதுவும் கிடையாது. எத்தனையோ வழுத் திருத்தங்களில் அதுவும் ஒன்று. போன்களில் ஓடும் கெர்னல்கள் பலவற்றுக்கு அது போய்ச் சேரவே இல்லை. கூகுள் தானே விற்ற பிக்சல் 2 கூட அந்த வரிசையில் இருந்தது. 2019 அக்டோபரில், அதே வழு தாக்குதல்களில் பயன்படுத்தப்படுகிறது என்று கூகுளின் புராஜெக்ட் ஜீரோ குழு அறிவித்தது. சிவிஇ-2019-2215 என்ற எண் பிறந்தது அதற்குப் பிறகுதான். திருத்தம் ஒன்றரை ஆண்டுக்கும் மேலாகக் கண்ணெதிரே கிடந்தது. எடுத்துக்கொள்ள வேண்டியவர்கள் எண்ணுக்காகக் காத்திருந்தார்கள், தாக்கியவர்கள் காத்திருக்கவில்லை.

இன்னொன்றையும் யோசித்துப் பாருங்கள். தாய்த் திட்டத்தில் வெளியாகும் ஒவ்வொரு திருத்தமும், அந்த வழு இன்னும் இருக்கும் எல்லா ஃபோர்க்குகளுக்கும் எதிராக எழுதிவைத்த வரைபடம். எந்தக் கோப்பில், எந்தச் சார்பில், எந்த வரியில் ஓட்டை என்று அது சொல்லிவிடுகிறது. திருத்தாத நாள் ஒவ்வொன்றும் அந்த வரைபடத்தைக் கையில் வைத்திருப்பவருக்குக் கிடைத்த நாள்.

ஒரே வேரிலிருந்து பிரிந்த இரண்டு திட்டங்கள் இந்தச் சிக்கலை எப்படிச் சந்தித்தன என்பதற்கு ஒலி, காணொளிக் கோப்புகளைக் கையாளும் எஃப்எஃப்எம்பெக், லிப்ஏவி திட்டங்களின் கதையைவிடத் தெளிவான பாடம் எனக்குத் தெரியாது. 2011-இல் கசப்போடுதான் பிரிந்தார்கள். அந்தக் கசப்பின் நடுவிலும் எஃப்எஃப்எம்பெக் தரப்பு, லிப்ஏவியில் நடந்த மாற்றங்களை விடாமல் தன்னிடம் மெர்ஜ் செய்துகொண்டே இருந்தது. எதிர்த்திசையில் அப்படி ஓட்டம் இல்லை. 2014 ஜனவரியில் கூகுளின் பாதுகாப்புப் பொறியாளர்கள், தாங்கள் நடத்திய தானியங்கிச் சோதனைகளால் எஃப்எஃப்எம்பெக்கில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட திருத்தங்கள் நடந்துவிட்டதாக அறிவித்தார்கள். லிப்ஏவி அதில் பின்தங்கியே இருந்தது. 2011-இல் லிப்ஏவிக்கு மாறிய டெபியன் என்ற லினக்ஸ் இயங்குதளத் திட்டம், 2015-இல் எஃப்எஃப்எம்பெக்கிடமே திரும்பியது. அந்த விவாதத்தில் பாதுகாப்புத் திருத்தங்களை யார் ஒழுங்காகக் கவனிக்கிறார்கள் என்ற கேள்விக்கு முக்கிய இடம் இருந்தது. லிப்ஏவியில் எழுதியவர்கள் திறமையில் குறைந்தவர்கள் அல்லர். எதிரணியின் திருத்தங்களை வாங்கிக்கொள்ளும் பழக்கம் ஒரு பக்கம் இருந்தது, மறுபக்கம் இல்லை. பயன்படுத்துபவர்களுக்கு அந்த வேறுபாடு தெரிந்துவிட்டது.

"நம் நிரல் அவர்கள் நிரலைவிட்டு வெகுதூரம் வந்துவிட்டது, இனி மெர்ஜ் சாத்தியமில்லை" என்று உங்களில் சிலர் சொல்வீர்கள். அதற்கு என்னிடம் இருக்கும் பதில் நியோவிம். 2014-இல் விம் எடிட்டரிலிருந்து பிரிந்த அந்தத் திட்டம் உள்கட்டமைப்பைப் பெரிய அளவில் மாற்றி எழுதிவிட்டது. நேரடி மெர்ஜ் அங்கே நடக்காது. ஆனால் விம்மில் ஒவ்வொரு பேட்சுக்கும் வரிசை எண் உண்டு. நியோவிம்காரர்கள் அந்த எண்ணைக் கமிட் செய்தியின் தலைப்பிலேயே எழுதி, ஒவ்வொரு பேட்சையும் கையால் கொண்டுவருகிறார்கள். எந்தெந்த எண்கள் இன்னும் வரவில்லை என்று பட்டியலிட ஒரு சிறு ஸ்கிரிப்ட் வைத்திருக்கிறார்கள். தங்களுக்குப் பொருந்தாத பேட்ச்களைப் பொருந்தாது என்று குறித்துவிடுகிறார்கள். புதிதாக வருபவர் ஒருவர் அந்தப் பட்டியலிலிருந்து ஓர் எண்ணை எடுத்து முதல் பங்களிப்பைச் செய்துவிட முடிகிறது. நிரல் எவ்வளவு தூரம் விலகினாலும் கணக்கு விலகவில்லை.

நமக்கு வரிசை எண் இல்லை, ஒவ்வொரு கமிட்டையும் அடையாளம் காட்டும் ஹேஷ் இருக்கிறது. அது போதும். வேண்டிய கமிட்டை மட்டும் தனியே எடுத்துக்கொள்ளும் செர்ரி-பிக்கின்போது மைனஸ் எக்ஸ் என்ற தேர்வைச் சேர்த்தால், எந்தக் கமிட்டிலிருந்து எடுத்தது என்ற வரியை, நிரலின் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கருவியான கிட் தானே செய்தியின் அடியில் எழுதிவிடும். லினக்ஸ் கெர்னலின் நிலையான பதிப்புகளில், மூலத்தில் எந்தக் கமிட் என்ற வரியோடு வரும் திருத்தங்களைத்தான் எங்கும் பார்க்கிறோம். லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸின் மூலக் களஞ்சியத்தில் அந்தத் திருத்தமோ அதற்கு நிகரானதோ ஏற்கெனவே இருந்தாக வேண்டும் என்பது அங்கே எழுதப்பட்ட விதி. ஐந்தாண்டு கழித்து யாராவது ஒரு வரியை ஏன் மாற்றினீர்கள் என்று கேட்டாலும் அந்த ஹேஷைப் பிடித்துக்கொண்டு மூலம்வரை போய்விடலாம். நம் களஞ்சியத்தில் சென்ற ஆண்டு கையால் நகலெடுத்த சில திருத்தங்களில் ஹேஷும் இல்லை, முதலில் எழுதியவர் பெயரும் இல்லை. செர்ரி-பிக் செய்தால் அந்தப் பெயர் தானாகவே தங்கியிருக்கும். வேறொருவர் கண்விழித்துக் கண்டுபிடித்ததை நம் பெயரில் பதிவது நமக்கு அழகல்ல. இதைப் பெரிதாக விவரிக்க விரும்பவில்லை, ஆனால் சொல்லாமல் விடவும் மனம் வரவில்லை.

இனி மெர்ஜ் ஏன் இவ்வளவு வலிக்கிறது என்பதற்கு வருகிறேன். ஒரு வார இறுதி முழுக்க அதை முயன்று பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன். மெர்ஜின்போது கிட் மூன்று பிரதிகளை ஒப்பிடுகிறது: நம்முடையது, அவர்களுடையது, இரண்டுக்கும் பொதுவான கடைசி மூதாதை. மூதாதை அருகில் இருந்தால் யார் எதை மாற்றினார்கள் என்பது தெளிவாகத் தெரியும். பதினாறு மாதம் தள்ளி இருந்தால் இரு பக்கமும் எல்லாமே மாறியதாகத் தெரியும். செர்ரி-பிக் மட்டும் செய்துகொண்டே போனால் அந்த மூதாதை ஓர் அங்குலம்கூட நகராது. மெர்ஜ் கமிட் ஒன்றுதான் அந்த எல்லைக்கல்லை முன்னே நகர்த்தும். அதனால்தான், தவணை தவறிய கடனைப்போல, ஒரு மெர்ஜைத் தள்ளிப்போட்டால் அடுத்தது இரண்டு மடங்கு கனக்கிறது.

பிரிந்த மூன்றாம் மாதம் நிரல் முழுவதையும் தானியங்கி வடிவமைப்பியில் ஓட்டி ஒழுங்குபடுத்தினீர்கள். படிக்க அழகாக இருக்கிறது என்று நானும் அன்று மகிழ்ந்தேன். ஆனால் ஒரே இடத்தை இரு பக்கமும் மாற்றியதால் மெர்ஜில் எழும் மோதல்களில் பெரும்பகுதிக்கு அதுவே காரணம். அதோடு பெரிய கோப்புகளை மூன்றாகப் பிரித்துப் பெயரையும் மாற்றினீர்கள். ஒரு கோப்பு பெயர் மாறியிருக்கிறது என்பதை கிட் உள்ளடக்கத்தின் ஒற்றுமையை வைத்துத்தான் ஊகிக்கிறது. இயல்பாக ஐம்பது சதவீத ஒற்றுமை வேண்டும். வடிவமும் மாறி, மூன்றாகவும் பிரிந்த கோப்பு அந்த எல்லைக்குக் கீழே போய்விடுகிறது. அந்தச் சமக்குறி இருந்த கமிட்டை இங்கே செர்ரி-பிக் செய்து பார்த்தேன். அந்தக் கோப்பை நீங்கள் நீக்கிவிட்டீர்கள், அவர்கள் மாற்றியிருக்கிறார்கள், என்ன செய்வது என்று கிட் கேட்டது. நாம் அதை நீக்கவில்லை. வேறு பெயரில், வேறு அடைவில், வழுவோடு அப்படியே வைத்திருக்கிறோம். யாராவது ஒருவர் அந்தக் கேள்விக்கு நீக்கியது நீக்கியதுதான் என்று அவசரத்தில் பதில் சொல்லியிருந்தால், திருத்தம் வந்துவிட்டதாகவும் கணக்கில் ஏறியிருக்கும்.

இதற்கு வழி இருக்கிறது. பொது மூதாதையையும் தாய்த் திட்டத்தின் கமிட்டையும் நம் வடிவமைப்பியில், நம் அமைப்புகளோடு ஓட்டிவிட்டு, பிறகு மூன்று பிரதிகளையும் ஒப்பிட வேண்டும். வடிவத்தால் மட்டும் வந்த மோதல்கள் உதிர்ந்துவிடும். நான் முயன்ற ஒரு கோப்பில் 38 மோதல்கள் மூன்றாகக் குறைந்தன. மிஞ்சிய மூன்றும் மனிதர் உட்கார்ந்து யோசிக்க வேண்டிய உண்மையான மோதல்கள். ஒரு முறை தீர்த்த மோதலை நினைவில் வைத்துக்கொண்டு, அதே மோதல் மறுபடி வந்தால் அதே தீர்வைப் போடும் ரெரெரெ என்ற வசதியும் கிட்டிலேயே இருக்கிறது. இயல்பில் அது அணைத்து வைக்கப்பட்டிருக்கும். ஒரு வரியில் இயக்கிவிடலாம்.

பதினாறு மாதத்தையும் ஒரே மெர்ஜில் விழுங்கப் பார்க்க வேண்டாம் என்று கைகூப்பிக் கேட்டுக்கொள்கிறேன். சென்ற முறை அப்படித்தான் நடந்தது. ஒரே கமிட்டில் எல்லாம் வந்தது, ஏதோ உடைந்தது, எது உடைத்தது என்று கமிட்களைப் பாதி பாதியாகப் பிரித்துத் தேடும் பைசெக்ட் செய்தால் அந்த ஒற்றைப் பெரிய மெர்ஜில் போய் முட்டி நின்றது. தாய்த் திட்டத்தின் வெளியீட்டுக் குறி ஒவ்வொன்றாக ஏறி வருவோம். ஒரு குறிவரை மெர்ஜ், சோதனைகள், இரண்டு நாள் ஓட்டிப் பார்த்தல், பிறகு அடுத்தது.

அவர்கள் பக்கத்து மாற்றத்தில் ஒரு வரிகூட ஏற்காமல், மெர்ஜ் ஆகிவிட்டதாக மட்டும் பதியும் அவர்ஸ் என்ற மெர்ஜ் உத்தி இருப்பதும் உங்களுக்குத் தெரியும். கணக்குத் தொடங்கச் சொல்லும் அந்தக் கமிட்களைத் தாண்டி எல்லைக்கல்லை நகர்த்த அது பயன்படும். ஆனால் அந்த வரம்புக்குள் அகப்பட்ட நல்ல திருத்தங்களையும் கிட் அதற்குப் பின் நமக்கு நினைவூட்டாது, வந்துவிட்டதாகவே எடுத்துக்கொள்ளும். ஒவ்வொரு திருத்தத்துக்கும் நம் பதிலைக் குறித்துவைத்த குறிப்பேடு இல்லாமல் அதைத் தொட வேண்டாம்.

திருத்தங்களுக்கு முன்பே சோதனைகளைக் கொண்டுவாருங்கள். இந்த மடலில் இருப்பவற்றில் எனக்கு மிக முக்கியமாகப் படுவது இதுதான். நல்ல வழுத் திருத்தம் பெரும்பாலும் ஒரு சோதனையோடு வருகிறது. சோதனைகள் தனிக் கோப்புகளில் இருப்பதால் மோதலும் குறைவு. வெளியிலிருந்து கட்டளையை ஓட்டி விளைவைப் பார்க்கும் வகையானால், உள்ளே நாம் எத்தனை பெயர்களை மாற்றியிருந்தாலும் கவலை இல்லை. தாய்த் திட்டத்தின் சோதனை அடைவை மட்டும் எடுத்து நம் நிரலின் மேல் ஓட்டினேன். கணக்குத் தொடர்பானவற்றை ஒதுக்கிவிட்டுப் பார்த்தால் பத்தொன்பது சோதனைகள் தோற்றன. அந்தப் பத்தொன்பதுதான் நாம் முதலில் பார்க்க வேண்டிய பட்டியல். எந்தத் திருத்தம் நமக்குத் தேவை என்று கூட்டம் போட்டு வாதிட வேண்டியதில்லை. தோற்ற சோதனை சொல்லிவிடுகிறது. நான் பார்த்தவரை அவற்றில் மூன்று, கோப்பின் உள்ளடக்கம் தொலைவது பற்றியவை. அந்த மூன்றையாவது இந்த மாதமே எடுத்துக்கொள்ளுங்கள்.

திருத்தம் என்ற பெயரில் புது வழு வரும் என்ற உங்கள் அச்சத்தில் உண்மை இருக்கிறது. ஒரு திருத்தம், அதற்கு முந்தைய மாதம் எழுதிய புது வசதியை நம்பி நிற்கலாம். அந்த வசதி நம்மிடம் இல்லையென்றால் திருத்தம் மோதலே இல்லாமல் உள்ளே வந்து தவறாக வேலை செய்யும். மோதலைவிட இது ஆபத்து, ஏனென்றால் கிட் எச்சரிக்காது. எனவே சுத்தமாக வந்த செர்ரி-பிக்கையும் ஒருவர் படித்துப் பார்த்தாக வேண்டும். அந்தத் திருத்தத்தைத் திருத்திய பின்னாளைய கமிட் ஏதேனும் இருக்கிறதா என்றும் தேட வேண்டும். கெர்னல் உலகில் இதற்காகவே, எந்தக் கமிட்டின் பிழையைச் சரிசெய்கிறோம் என்பதை ஃபிக்சஸ் என்ற வரியில் எழுதிவைக்கிறார்கள். இந்த வேலைக்கு நேரம் ஆகும். எங்கள் பதிவுகளை மறுபடி வாசிக்க ஆகும் நேரத்தோடு ஒப்பிட்டால் மிகக் குறைவு.

உரிமம் குறித்து யாரும் தயங்க வேண்டியதில்லை. சேவையகக் கட்டமைப்பை நிரலால் அமைக்க உதவும் டெராஃபார்ம் என்ற மென்பொருள் 2023-இல் உரிமத்தை மாற்றிய பிறகு, அதிலிருந்து பிரிந்த ஓப்பன்டோஃபுவால் அங்கே எழுதப்படும் புதிய நிரலை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. அதே வழுவைத் தாங்களாகவே சரிசெய்ய வேண்டும். நம் தாய்த் திட்டம் இன்றுவரை அதே உரிமத்தில்தான் இருக்கிறது. பூட்டாத கதவுக்கு வெளியே நிற்கிறோம்.

வாங்குவதைப்போலவே கொடுப்பதும் நடக்க வேண்டும். நாம் திருத்திய வழுக்களில் பல அவர்களிடமும் இருக்கின்றன. அனுப்பினால் அவர்களுடைய பயனாளர்களுக்கு நல்லது. நமக்கும் நல்லது, ஏனென்றால் அவர்கள் ஏற்றுக்கொண்ட ஒவ்வொரு பேட்சும் நாம் தனியே சுமக்க வேண்டிய வேறுபாட்டில் குறைகிறது. இன்னொரு காரணமும் உண்டு. 2006-இல் டெபியன் தன் ஓப்பன்எஸ்எஸ்எல் என்ற குறியாக்க மென்பொருள் தொகுப்பில் மட்டும் செய்த சிறு மாற்றம் ஒன்று, ரகசியச் சாவிகளை உருவாக்கும் சீரற்ற எண்களின் ஊற்றையே ஏறக்குறைய அடைத்துவிட்டது. எஞ்சியது செயல்முறையின் எண் மட்டும். அதில் அதிகபட்சம் 32,768 வாய்ப்புகள். 2008 மே மாதம் வெளிவரும்வரை, ஏறத்தாழ இருபது மாதங்கள், உலகெங்கும் அந்தச் சாவிகள் பயன்பாட்டில் இருந்தன. எச்சரிக்கைச் செய்தி ஒன்றை அடக்குவதற்காக நல்லெண்ணத்தோடு செய்த மாற்றம்தான் அது. நாம் மட்டும் வைத்திருக்கும் பேட்ச்களை நாம் மட்டுமே பார்க்கிறோம் என்பதை நினைக்கும்போது எனக்கு அந்த நிகழ்வு நினைவுக்கு வருகிறது.

கோரிக்கை வைத்துவிட்டு ஒதுங்கி நிற்க நான் விரும்பவில்லை. களஞ்சியத்தின் வேரில் ஒரே ஓர் உரைக் கோப்பு போதும்: ஒரு வரிக்கு ஒரு கமிட், அதன் ஹேஷ், நம் பதில், பதில் எழுதியவர் பெயர், தேதி. அடுத்த ஆறு மாதத்துக்கு அந்தக் குறிப்பேட்டை நானே வைத்துக்கொள்கிறேன். இரண்டு வாரத்துக்கு ஒரு மாலை, தாய்த் திட்டத்தின் புதிய கமிட்களைப் படித்து, வழுத் திருத்தங்களைப் பிரித்து, பதில் தேவைப்படுபவற்றை உங்கள் முன் வைக்கிறேன். முடிவு உங்களுடையது. ஒரு திருத்தத்துக்கு வேண்டாம் என்று எழுதினால் அதற்கு மேல் வாதிட மாட்டேன். நீங்கள் செய்ய வேண்டியது, உங்களில் ஒருவரை அந்த மாலைகளுக்கு என்று பெயர் சொல்லி ஒதுக்குவதுதான். எல்லோருடைய வேலையாகவும் இருந்ததால்தான் பதினாறு மாதமாக யாருடைய வேலையாகவும் இல்லாமல் போனது.

குறிப்பேட்டின் முதல் பக்கத்தைத் தயாரித்துவிட்டேன். கடந்த மூன்று மாதக் கமிட்கள் அதில் இருக்கின்றன. பலவற்றுக்கு எதிரே பதில் இடம் காலியாக இருக்கிறது. தோற்ற பத்தொன்பது சோதனைகளையும் தனிக் கிளை ஒன்றில் போட்டு, மெர்ஜ் கோரிக்கையாக நேற்று இரவு அனுப்பியிருக்கிறேன். அதன் முதல் கமிட் அந்த 131,072 பைட் கோப்புக்கான சோதனை. இரண்டாவது, அந்தச் சமக்குறி. இரண்டிலும் எழுதியவர் பெயராக என் பெயர் இல்லை. பதினான்கு மாதம் முன்பு அதைக் கண்டுபிடித்தவரின் பெயரே இருக்கிறது, அடியில் தாய்த் திட்டத்தின் ஹேஷும் இருக்கிறது.

தொலைபேசியில் அழைத்தவருக்கு, தவறு வாசித்தவருடையது அல்ல என்று சொல்லிவிட்டேன். புதிய பதிவுகளில் இனி அப்படி நடக்காது என்று உறுதி சொல்ல, இந்த இரண்டு கமிட்களும் உள்ளே வரக் காத்திருக்கிறேன்.

அன்புடனும் நன்றியுடனும்,
முதல் வாரத்திலிருந்து உங்களோடு இருக்கும் ஒரு பயனாளன்